மரக்கட்டை வாத்தியம்: பழகியவர்கள் சொல்லுங்கள்

குன்னூரிலிருந்து:
கட்டில், ஜன்னல், நாற்காலி என்று ஓடிய என் தச்சு வாழ்க்கையில் வாத்தியம் ஒன்றே ஒன்றுதான் கைக்கு வந்தது. பக்கத்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வந்திருந்த கானா நாட்டு அதிகாரியின் மனைவி தூக்கி வந்தார். கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் ஆப்பிரிக்க வாத்தியமான பாலஃபோன் வகை. 14 கட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சுரைக்குடுக்கை. மரம் நம் வேங்கைக்குப் பங்காளி முறை.

தட்டிப் பார்த்தேன். ஒரு கட்டை மட்டும் மணிபோல ஒலித்தது. மற்றவையெல்லாம் வண்டு போல இரைந்தன. இரைவதுதான் கோளாறு என்று முடிவு செய்துவிட்டேன். குடுக்கைகளில் சிறு துளைகள், அவற்றின் மேல் காகிதம் போல ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கென்று நகத்தால் சுரண்டப் போக, அந்த அம்மா பதறிக் கையைப் பிடித்துக்கொண்டார். சிலந்தி முட்டைப் பையின் சவ்வாம் அது! அது அதிர்ந்தால்தான் இரைச்சல். இரைச்சல் இல்லாவிட்டால் அவர்கள் ஊரில் அது வாத்தியமே இல்லை. நான் நல்லதென்று நினைத்த ஒன்றுதான் கெட்டிருந்தது. பலகை இடுக்கில் கிடந்த ஒரு பையை அவரே உரித்து ஒட்டினார். பட்டறையைப் பெருக்காத என் சோம்பலுக்கு அன்று ஒரு மரியாதை கிடைத்தது. கூலி கேட்க வாய் வரவில்லை.

கோத்தகிரியிலிருந்து:
அண்ணா, எனக்குச் சுருதியே வசப்படவில்லை. காற்றில் சாய்ந்த சில்வர் ஓக்கில் கட்டைகள் அறுத்தேன். வீணைத் தந்திக் கணக்கில், 40 செ.மீ. கட்டைக்கு மேல் ஸ்தாயியாக 20 செ.மீ. வெட்டினேன். கீச்சென்று இரண்டு ஸ்தாயி ஏறிவிட்டது! கட்டைக்கு வர்க்கக் கணக்கு, அதாவது நீளம் பாதியானால் அதிர்வு நான்கு மடங்கு; ஒரு ஸ்தாயி ஏற 28 செ.மீ. போதுமாம். நுனியைச் சீவினால் சுருதி ஏறும், அடிப்பக்க நடுவைச் சுரண்டினால் இறங்கும் என்று கற்பதற்குள் பாதி மரம் அடுப்புக்குப் போய்விட்டது.

கொடைக்கானலிலிருந்து:
என்னுடையது பாங்காக்கில் வாங்கிய ரனாட் என்ற தாய்லாந்து மரக்கட்டை வாத்தியம், 21 கட்டைகள். மூடுபனிக்குப் பயந்து கணப்பின் அருகே வைத்தேன். மறுநாள் பார்த்தால், கட்டைகளின் அடியில் ஒட்டியிருந்த மெழுகு உருண்டைகள் உருகித் தரையில் கிடக்கின்றன. ஈயம் கலந்த தேன்மெழுகு. அந்தக் கனம்தான் சுருதியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்ததாம். இப்போது 6 கட்டைகள் மற்றவற்றோடு சேராமல் தனியே கூவுகின்றன. மலைத்தேன் மெழுகு இங்கே கிடைக்கிறது. ஈயம் சேர்க்காமல் வெறும் மெழுகைக் கூடுதலாக அப்பினால் நிற்குமா, குன்னூர் அண்ணா?