ஆப்ஷன் வர்த்தகத்துக்கு விளக்கம் கேட்கும் புரோக்கர்: பதில் தருவது கட்டாயமா?

பாளை உரக்கடை:
வணக்கம். பாளையங்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கிறேன். என் கணக்கிலும், அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மைத்துனர் கணக்கிலும் சென்ற மாதம் நடந்த பங்கு ஆப்ஷன் (ஒரு பங்கைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வர்த்தகங்களுக்குக் காரணம் கேட்டு, வருமானச் சான்றும் வங்கி விவரமும் அனுப்பும்படி புரோக்கர் அலுவலகம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அவர் கணக்கையும் நானே என் கடைக் கணினியில் இயக்கி வருகிறேன். அதிகம் பேர் வாங்காத ஒரு கான்ட்ராக்டில் நான் விற்றதை அவர் கணக்கில் வாங்கி, அன்று மாலையே வேறு விலையில் திருப்பி எடுத்துக்கொண்டேன். இருவரும் ஒழுங்காக வரி கட்டுகிறோம். இப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா?

தென்காசி வாசகர்:
அண்ணாச்சி, உரிமை மட்டுமல்ல, அது அவர்கள் கடமையும்கூட. புரோக்கர் அலுவலகத்தில் கண்காணிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். நெடுநாள் முடங்கிக் கிடந்த கணக்கு திடீரென இயங்குவது, ஓப்பன் இன்ட்ரஸ்டில், அதாவது இன்னும் முடிக்கப்படாமல் நிலுவையில் இருக்கும் கான்ட்ராக்டுகளில், பெரும்பங்கு ஒருவர் கையில் குவிவது, இருவர் தங்களுக்குள் வாங்கி விற்றுத் திருப்பிக்கொள்வது போன்றவற்றை என்எஸ்இ (தேசியப் பங்குச்சந்தை) கண்டறிந்து புரோக்கருக்கு அலர்ட் அனுப்பும். அதை 45 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். காலாண்டு முடிந்த 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், அலர்ட் எதுவும் இல்லையென்றாலும் 'ஏதுமில்லை' என்று தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் பதிலே தரவில்லை என்றால், அந்த மௌனம் அப்படியே கோப்பில் ஏறிவிடும்.

இன்னொன்று. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டப்படி, பரிவர்த்தனை சந்தேகத்துக்குரியது என்ற முடிவுக்கு வந்ததும் தாமதமின்றி மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்படித் தெரிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. ஆகையால் "எனக்கு எதிராக ஏதாவது அனுப்பினீர்களா" என்று கிளை ஊழியரை நெருக்காதீர்கள்; அவரால் சொல்ல இயலாது.

வண்ணார்பேட்டை ஆடிட்டர்:
வரி கட்டியது நல்லது. ஆனால் இங்கே அது கேள்வியே இல்லை. நீங்கள் விற்று மைத்துனர் கணக்கில் வாங்கி, அன்றே திருப்பியதுதான் பிரச்சினை. இரு பக்கமும் முடிவெடுத்தவர் ஒருவரே என்னும்போது, லாபம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்ததைத் தவிர அங்கே வேறெதுவும் நடக்கவில்லை. உண்மையான உரிமை மாற்றம் இல்லாத வர்த்தகத்தை, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2003ஆம் ஆண்டு மோசடித் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன.

மும்பைப் பங்குச்சந்தையின் பங்கு ஆப்ஷன் பிரிவில் 2014 ஏப்ரல் முதல் 2015 செப்டம்பர் வரை நடந்த இதே மாதிரியான திருப்பு வர்த்தகங்களில் 14,720 பேர் சிக்கினார்கள். ஆண்டுகள் பல கழித்தும் நோட்டீஸ் வந்துகொண்டிருந்தது. தொகை சிறியது என்பதால் விட்டுவிடுவார்கள் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

மைத்துனரின் கடவுச்சொல்லை அவரே இன்றைக்கு மாற்றட்டும். பதிலில் நடந்ததைத் தேதி, நேரத்தோடு உள்ளபடி எழுதுங்கள். இருவரும் தனித்தனியாக முடிவெடுத்ததாக எழுத வேண்டாம், ஏனெனில் ஆர்டர் எந்தக் கணினியிலிருந்து போனது என்ற பதிவு அவர்களிடம் இருக்கும். அனுப்புவதற்கு முன் செபி வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பாளை உரக்கடை:
இருவருக்கும் நன்றி. குடும்பத்துக்குள் நடப்பதுதானே என்று நினைத்துவிட்டேன். மைத்துனர் நாளைக் காலை பாளைக்கு வருகிறார். சேர்ந்து உட்கார்ந்து, இரண்டு கணக்குகளின் கான்ட்ராக்ட் நோட்டுகளையும் (புரோக்கர் தரும் வர்த்தக ரசீதுகள்) எடுத்துவைத்து எழுதப்போகிறோம்.