ரிங்கார்ட்டின் நன்றிப் பாட்டு பிறந்தது கொள்ளைநோயிலா, சமாதான நாளிலா?

ஆராதனைத்தாள்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். அறுப்பின் பண்டிகைக்கு "நவ் தாங்க் வீ ஆல் அவர் காட்" பாட்டை எடுத்திருக்கிறோம். தாளில் அதற்கு மேலே மூன்று வரி முன்னுரை போட வேண்டும். 1648இல் முப்பதாண்டுப் போர் முடிந்ததற்காக எழுதியது என்று ஒரு குறிப்பு. கொள்ளைநோயில் பிணங்களை அடக்கிவிட்டு வந்து எழுதியது என்று இன்னொன்று. எதைப் போடுவது? வேதபாடமாக எந்தப் பகுதியை வாசிக்கலாம்? இன்னொன்றும்: முதல் வரியிலேயே சபை ஆளுக்கொரு சுருதியில் போகிறது. என்ன செய்யலாம்?

பழம்பதிப்பு:
1648ஐ முதலில் அடித்துவிடுங்கள். முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்ஃபாலியா சமாதானம் கையெழுத்தானது 1648 அக்டோபர் 24. யோஹான் க்ரூகர் பெர்லினில் வெளியிட்ட "பிராக்சிஸ் பியேடாட்டிஸ் மெலிகா" என்ற பாட்டுப்புத்தகத்தின் 1647 பதிப்பிலேயே பாட்டு மெட்டோடு இருக்கிறது.

கொள்ளைநோய்க் கதையில் பாதி உண்மை. பாட்டை எழுதிய மார்ட்டின் ரிங்கார்ட் (1586–1649) ஜெர்மனியின் சாக்சனியில் ஐலன்பர்க் ஊர்க்காரர். 1617 முதல் அங்கேயே போதகர். மதில் சூழ்ந்த ஊர் என்பதால் போருக்குப் பயந்த அகதிகள் வந்து குவிந்தார்கள். நோய் பரவ அந்த நெரிசலே போதுமானதாக இருந்தது. 1637இல் அவர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார், மனைவியும் அந்த ஆண்டுதான் இறந்தார். ஆனால் பாட்டு அப்போது எழுதியது என்பதற்குச் சான்று இல்லை. அவருடைய "யேசு ஹெர்ட்ஸ் பியூஹ்லைன்" என்ற புத்தகம் 1636இல் வந்தது, அந்தப் பதிப்பின் பிரதி கிடைக்கவில்லை. கையில் இருப்பது 1663 பதிப்பு. அதில் இந்தப் பாட்டின் தலைப்பு என்ன தெரியுமா? "டிஷ் கெபெட்லைன்". சாப்பாட்டு மேசையில் சொல்லும் சின்ன ஜெபம்!

என்னைக் கேட்டால் முன்னுரையில் போட வேண்டியது இதைத்தான். அறுப்பின் பண்டிகைக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? ஊரே முழங்கும் வெற்றிப் பாட்டு என்ற பெயர் பிறகு வந்தது. 1757 டிசம்பர் 5, லாய்த்தன் போரில் வென்ற பிரஷ்யப் படைவீரர்கள் இதைப் பாடியதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

தள்ளுபடிஆகமம்:
வேதபாடம்: சீராக் 50:22–24. உங்கள் சபையில் பழைய திருப்புதல் என்றால் தேடாதீர்கள், 66 புத்தகங்களுக்குள் சீராக் இல்லை. கத்தோலிக்கர் வைத்திருக்கும் பொது மொழிபெயர்ப்பில் "சீராக்கின் ஞானம்" என்ற பெயரில் இருக்கிறது. லூத்தர் இதைத் தள்ளுபடி ஆகமங்களோடு (வேதத்துக்குச் சமமல்ல என்று ஒதுக்கியவை) சேர்த்தாலும் ஜெர்மன் வேதாகமத்தைவிட்டு எடுக்கவில்லை, அதனால் ரிங்கார்ட்டுக்கு இது பழகிய பகுதி.

வசனங்களையும் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருவறை தொட்டுக் காத்து, எங்கும் பெரிய காரியங்கள் செய்பவரைத் துதியுங்கள் என்பது 22ஆம் வசனம். அதுதான் முதல் சரணம். மகிழ்ச்சியான இதயமும் நம் நாட்களில் சமாதானமும் கேட்பது அடுத்த வசனங்கள். அது இரண்டாம் சரணம். சமாதானப் பாட்டு என்ற கதை இங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம். மூன்றாம் சரணம் சீராக்கில் இல்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவிக்கு மகிமை சொல்லும் வழக்கமான முடிப்பு. அதனால் சரணங்களைக் குறைப்பதென்றால் மூன்றாவதை வெட்டாதீர்கள்.

ஒரு நுணுக்கம்: ஜெர்மனில் "நன்றி சொல்லுங்கள்" என்ற ஏவல். 1858இல் கேத்தரின் விங்க்வொர்த் ஆங்கிலத்தில் அதை "நாம் நன்றி சொல்வோம்" என்று திருப்பிவிட்டார்.

இரண்டரைக்கட்டை:
சுருதிக்கு வருகிறேன். மெட்டு ஸ-வில் தொடங்கவில்லை, ப-வில் தொடங்குகிறது. முதல் வரி ப ப ப த த ப, இரண்டாவது க ம க ரி க ரி ஸ. கீபோர்டில் ஒற்றை ஸ மட்டும் கொடுத்தால் பாதிப் பேர் அதையே முதல் சுரமாகப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் வரியில் தொண்டைக்குள் இறங்கிவிடுவார்கள். ஸ-க-ப மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள், ப மேலே கேட்கட்டும். புத்தகத்தில் நாலு கட்டையில் (எஃப்) இருந்தால் இரண்டரைக்கு (ஈ ஃப்ளாட்) இறக்குங்கள்.

அடுத்த தவறு நுழைவில். முதல் அசை தாளத்தின் நாலாவது எண்ணிக்கையில் வருகிறது, அழுத்தம் இரண்டாம் அசைக்கு. முன்னிசையாகக் கடைசி இரண்டு வரிகளை வாசியுங்கள், முடிவில் வேகத்தைக் குறைக்காதீர்கள். கடைசி ஸ-வை மூன்று எண்ணி விட்டால் நாலில் சபை தானாக நுழையும். முன்னிசையை இழுத்து முடிக்கும்போதுதான் ஆளுக்கொரு நேரத்தில் தொடங்குகிறார்கள்.

ஆராதனைத்தாள்:
நன்றி பிரதர். தமிழில் நாங்களே ஒரு சரணம் எழுதிப் பாடலாமா? அசைக் கணக்கு 6-7-6-7-6-6-6-6 என்று போட்டிருக்கிறது.

இரண்டரைக்கட்டை:
எண்ணிக்கை சரியாக வந்தால் போதாது. தமிழில் சொல்லின் முதல் அசைதான் ஓங்கும், மெட்டோ முதல் அசையை மெலிவாகத் தொடங்குகிறது. வரியை "நம்", "என்", "ஓ" போன்ற ஓரசைச் சொல்லில் தொடங்கினால் தப்பிக்கலாம். "வாழ்த்து" என்று தொடங்கினால் அழுத்தம் "த்து"வில் விழும்.

அதைவிடப் பெரிய ஆபத்து குறில். நீண்ட சுரத்தில் குறிலை வைத்தால் சொல்லே மாறிவிடும்: "மனம்" "மானம்" ஆகும், "பலன்" "பாலன்" ஆகும். அறுப்பின் பண்டிகையில் கிறிஸ்துமஸ் வந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் சுரம் நீளும் இடம் கடைசி அசை. அங்கே நெடிலோ மெய்யில் முடியும் அசையோ வையுங்கள். இரண்டாம், நாலாம் வரிகளில் கடைசி இரண்டு அசையையும் பாருங்கள். எழுதியதும் பேசிப் பார்க்காமல், பாடிக்காட்டி, வரியைத் தெரியாத ஒருவரை எழுதச் சொல்லுங்கள். அவர் தப்பாக எழுதுகிற சொல்லை மாற்றிவிடுங்கள்.