மூன்றாம் மாடி ஏறிய அரிசி மூட்டை

கேள்வி: நேற்று வேளச்சேரியில் எங்கள் மூன்றாம் மாடிக்கு ஆன்லைனில் வாங்கிய 25 கிலோ அரிசி மூட்டையோடு ஒரு டெலிவரி தம்பி ஏறி வந்தார். லிஃப்ட் ஓடவில்லை. தண்ணீர் கொடுத்தேன், பாதி குடித்துவிட்டு ஓடினார். மனசு கேட்கவில்லை. அவருக்கு என்னதான் கிடைக்கிறது?

பதில் 1: நான் இரண்டு வருடம் பார்சல் போட்டவன். சம்பளம் கிடையாது, பார்சல் கணக்குதான். பெட்ரோல், வண்டி சர்வீஸ் எல்லாம் கைக்காசு. வீடு பூட்டியிருந்தால் அந்த நடைக்குக் காசே இல்லை. அவர்கள் கூப்பிட்டால் போனை எடுங்கள் அக்கா, அதுவே பெரிய உதவி.

பதில் 2: 2023-இல் தமிழக அரசு இவர்களுக்குத் தனி நலவாரியம் அறிவித்தது. பதிவு செய்தாரா என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, கேட்கிறேன். அப்புறம், இனி அரிசி தெருமுனை அண்ணாச்சி கடையில்தான். அங்கேயும் கூட்டம் குறைந்துவிட்டது.