பெரியப்பாவின் சதாபிஷேகத்தில் பத்துப் பாட்டை அறிவிப்பது யார்?

குழு: பெரியப்பா 80 (அவருக்குத் தெரியக் கூடாது)

செல்லூர் மாமா (மாலை 6:10): அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, சமையல்காரரும் ஒப்புக்கொண்டுவிட்டார். மீதமிருப்பது மாலை நிகழ்ச்சி ஒன்றுதான். சதாபிஷேகம் காணும் மச்சான் இளவயதில் இலங்கை வானொலியே கதி என்று கிடந்தவர் என்பதால், குடும்பத்தார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பத்துப் பாடல்களைப் பத்தாம் இடத்தில் தொடங்கி ஒன்றாம் இடம் வரை மேடையில் அறிவித்துப் போடுவதாக முடிவு செய்திருந்தோம். நம் வீட்டு விசேஷங்களில் இதுவரை மைக்கைப் பிடித்தவர் சின்னவர். தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆகியிருப்பதால் அவர் உரக்கப் பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அவருக்குப் பதிலாக யார் அறிவிப்பது என்பதை இன்றிரவுக்குள் சொல்லுங்கள். வழக்கம்போல் இந்தக் குழுவில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதும், வாக்கியத்தைப் பாதியில் விடுவதும் கூடாது.

திருமங்கலம் அத்தை: தம்பி குரல் இல்லாமல் ஒரு விசேஷமா?

ஹாஸ்டல் குட்டி: என்னிடம் புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது தாத்தா. பாட்டுகளை வரிசையாக ஏற்றிவிட்டால் தானாக ஓடும். அறிவிப்பாளர் எதற்கு?

செல்லூர் மாமா: எதற்கு என்றா கேட்கிறாய்? 1952ஆம் ஆண்டு மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட்டபோது, நாடே கொழும்புப் பக்கம் காதைத் திருப்பியது. அந்த ஆண்டின் இறுதியில் அதே கொழும்பு நிலையத்தில் தொடங்கியதுதான் பினாக்கா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சி. நிகழ்ச்சியைப் பம்பாயில் பதிவு செய்து, நாடாவைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து நம் நாட்டுக்கே ஒலிபரப்பினார்கள். புதன்கிழமை இரவு 8 மணி ஆனால் வடக்கே தெருக்கள் வெறிச்சோடும் என்பார்கள். இசைத்தட்டு விற்பனையையும், கேட்போர் மன்றங்கள் அனுப்பிய வாக்குகளையும் சேர்த்துப் பாடல்களை வரிசைப்படுத்தினார்கள். பாட்டு எல்லோர் வீட்டிலும் கேட்ட பாட்டுதான். போன வாரம் ஏழாம் இடத்தில் இருந்தது இந்த வாரம் எங்கே போயிற்று என்று நம்மைத் தவிக்கவிட்டுப் பிறகு சொன்ன அறிவிப்பாளர் அமீன் சயானிக்காகத்தான் மக்கள் காத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் அவர் இறந்தபோது, இந்தி ஒரு சொல்கூடத் தெரியாத உன் பெரிய தாத்தா அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. உன் ஸ்பீக்கருக்காக யாராவது அப்படிச் சோற்றைத் தள்ளிவைப்பார்களா?

ஹாஸ்டல் குட்டி: சரி தாத்தா.

மேலூர் மச்சான்: தேவைப்பட்டால் நான் அறிவிக்கிறேன்.

திருமங்கலம் அத்தை: மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் மூத்தவள் கல்யாண வரவேற்பிலும் தம்பி வராததால் நீங்கள்தான் பேசினீர்கள். எடுத்த எடுப்பிலேயே ஒன்றாம் இடத்துப் பாட்டைச் சொல்லிவிட்டீர்கள். பாதிக் கூட்டம் அதைக் கேட்டுவிட்டுப் பந்திக்கு எழுந்து போய்விட்டது.

மேலூர் மச்சான்: அத்தை, எனக்குக் கொடுக்கப்பட்ட தாளில் ஒன்று என்பதுதான் மேலே இருந்தது.

உசிலம்பட்டிச் சித்தப்பா: தாளின் மேல் குற்றமில்லை.

சின்னச் சித்தப்பா (மாலை 6:41): எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குப் போனது குரல் மட்டும்தான், கண் நன்றாக இருக்கிறது.

செல்லூர் மாமா: தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சின்னவரே. உங்கள் இடம் உங்களுடையதுதான். ஒரு மாலைப் பொழுதுக்கு மட்டும் விருந்தினராக ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறார். உலகத்தில் நடக்காத காரியமா இது? போர்ன்விட்டா வினாடி வினாவை நடத்திய ஹமீத் சயானி 1975இல் காலமானபோது, தம்பி அமீன் சயானிதான் அந்த நிகழ்ச்சியை ஏற்று நடத்தினார்.

சின்னச் சித்தப்பா: அங்கே அண்ணன் இறந்த பிறகு தம்பி வந்தார். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், மச்சான்.

திருமங்கலம் அத்தை: நல்ல காரியம் பேசும் இடத்தில் என்ன பேச்சு இது?

உசிலம்பட்டிச் சித்தப்பா: நான் பட்டாளத்தில் இருந்த காலத்தில் விவித பாரதியில் ஜெயமாலா என்று படைவீரர்களுக்காகவே ஒரு நிகழ்ச்சி வரும். மற்ற நாட்களில் நிலையத்து அறிவிப்பாளர்கள் பேசுவார்கள். சனிக்கிழமை மட்டும் விசேஷ ஜெயமாலா என்ற பெயரில் சினிமா உலகத்தவர் யாராவது வந்து, தாமே பேசித் தமக்குப் பிடித்த பாட்டுகளைப் போடுவார்கள். முதன்முதலில் அப்படி வந்தவர் நர்கிஸ் என்று எங்கள் சுபேதார் பெருமையாகச் சொல்வார். அவர்களில் பலருக்கு அறிவிப்பாளருக்குரிய குரல் கிடையாது. காகிதம் புரளும் ஓசைகூடக் கேட்கும். ஆனாலும் ஊரை விட்டு எங்கோ கிடந்த எங்களை நினைத்து ஒருவர் மைக் முன்னால் வந்து உட்கார்ந்தாரே என்ற எண்ணத்தில் சனிக்கிழமைதான் கூடாரத்தில் ஆள் அதிகம் இருக்கும். எனவே மாப்பிள்ளையே பேசட்டும் என்பது என் கருத்து. தாளைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால் போதும்.

நியூஜெர்சி அக்கா (மாலை 7:05): எல்லோருக்கும் வணக்கம். இங்கே இப்போதுதான் காலை. இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. என் அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதில் இருக்கும் சிலர் மதிய உணவு நேரத்தில் இதைத்தான் பேசிச் சண்டை போடுவார்கள். இங்கே அமெரிக்கன் டாப் 40 என்ற நிகழ்ச்சி 1970 ஜூலை 4 அன்று தொடங்கியது. அதை நடத்திய கேசி கேசம் என்பவர்தான் இவர்களுக்குக் கே.எஸ். ராஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்போர்டு இதழின் பட்டியலில் உள்ள 40 பாட்டுகளையும் கடைசியிலிருந்து முதலிடம் வரை போடுவார்கள். முதலில் 3 மணி நேரமாக இருந்தது. 1978இல் 4 மணி நேரம் ஆயிற்று. நிகழ்ச்சியை முழுவதும் இசைத்தட்டுகளில் பதித்து ஒவ்வொரு நிலையத்துக்கும் அனுப்பிவைப்பார்கள். அந்தப் பழைய ஒலிப்பதிவுகளை இப்போதும் வார இறுதியில் இங்குள்ள நிலையங்கள் ஒலிபரப்புகின்றன. கேசி விடுப்பில் போன வாரங்களில் வேறொருவர் வந்து நடத்தியிருப்பார் அல்லவா? அந்த வாரங்களைப் பற்றித்தான் அந்தச் சண்டை.

செல்லூர் மாமா: விரிவாகச் சொல், அம்மா.

சின்னச் சித்தப்பா: அந்த வாரங்களில் யார் யார் வந்தார்கள்?

நியூஜெர்சி அக்கா: 1972இல் டிக் கிளார்க் ஒரு வாரம் வந்தார். தொலைக்காட்சியில் ஏற்கெனவே பெரிய பெயர் அவர். பின்னாளில் சொந்தமாகவே வரிசை நிகழ்ச்சிகளை நடத்தி இவர்களுக்குப் போட்டியாகவும் ஆனார். டிஸ்னி படங்களின் முன்னோட்டங்களில் குரல் கொடுத்த மார்க் எலியட் சில முறை வந்திருக்கிறார். எண்பதுகளில் அடிக்கடி வந்தவர் சார்லி வான் டைக். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போன்ற கனத்த குரல். கேசியின் குரலோ மணல் தடவியது போன்ற மெல்லிய குரல். என்னுடன் வேலை செய்யும் ஒரு பெரியவர், கேசி இல்லாத வாரம் வந்தால் ரேடியோவை அணைத்துவிடுவேன் என்கிறார். எதிர் மேசைக்கார அம்மாவோ, சார்லி ஒரு நாளும் கேசியைப் போலப் பேச முயன்றதில்லை, அதனால்தான் அவர் நடத்திய வாரங்கள் தனியாக நினைவிருக்கின்றன என்கிறார். எனக்கு அந்த அம்மா சொல்வதுதான் சரியென்று படுகிறது. யார் வந்து உட்கார்ந்தாலும் அந்த வாரத்துப் பட்டியல் மாறாது. ஏழாம் இடம் ஏழாம் இடம்தான்.

உசிலம்பட்டிச் சித்தப்பா: பிறகு கேசி என்ன ஆனார்?

நியூஜெர்சி அக்கா: 1988இல் ஒப்பந்தப் பேச்சு முறிந்து அவர் வெளியேறினார். ஷடோ ஸ்டீவன்ஸ் என்பவர் வந்தார். அவர் விருந்தினராக வரவில்லை, அந்த நாற்காலிக்கே உரியவராக வந்தார். கேசி சும்மா இருப்பாரா? 1989இல் வேறொரு நிறுவனத்தில் தன் பெயரிலேயே ஒரு வரிசை நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1998இல் பழைய நிகழ்ச்சிக்கே திரும்பி வந்து, 2004 தொடக்கத்தில் ரயன் சீக்ரெஸ்ட் என்பவரிடம் கொடுத்துவிட்டு விலகினார். 2014இல் காலமானார்.

சின்னச் சித்தப்பா: திரும்பி வந்தார். அதை எல்லோரும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல் குட்டி: கே.எஸ். ராஜா யார்?

திருமங்கலம் அத்தை: கடவுளே.

செல்லூர் மாமா: குட்டி, கேள். மதுரைக்கென்று ஒரு வானொலி நிலையம் வந்ததே 1987இல்தான். அதற்கு முன்னால் திருச்சி நிலையத்தை வைத்துத்தான் காலம் தள்ளினோம். ஆனால் கடலைத் தாண்டி வந்த இலங்கை வானொலி அதைவிட நெருக்கமாகக் கேட்டது. அங்கே மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா என்று பெரும் பட்டாளமே இருந்தது. ஹமீத் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, அழகு பார்த்து வைப்பார். பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியைப் பின்னாளில் சன் டிவியில் நடத்தியவரும் அவர்தான். ராஜாவோ மடமடவென்று கொட்டுவார். ஆனால் ஒரு எழுத்துகூடச் சிதையாது. லகர ளகர ழகரத்தை நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததைவிட அவர்களிடம் கேட்டுத் திருத்திக்கொண்ட பிள்ளைகள்தான் அதிகம். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்த அன்று உன் சின்னத் தாத்தா கடையைத் திறக்கவில்லை.

திருமங்கலம் அத்தை: தம்பி சிறுவனாக இருந்தபோது வெண்கலச் செம்புக்குள் வாயை வைத்து ராஜாவைப் போலப் பேசிப் பழகுவான். செம்புக்குள் பேசினால் குரல் ரேடியோவில் வருவதுபோல் திரும்பி வருமாம். அந்தச் செம்பில் அம்மா மறுபடி தண்ணீர் பிடித்ததே இல்லை. அப்பா இன்னும் மோசம். ரேடியோவில் வழக்கமான ஆள் இல்லாமல் வேறு ஆள் பேசினால், பெட்டிதான் பழுதாகிவிட்டது என்று நினைத்து அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

உசிலம்பட்டிச் சித்தப்பா: தட்டினால் சில சமயம் சரியாகவும் ஆகியிருக்கிறது.

நியூஜெர்சி அக்கா: அத்தை, அந்த மர்பி ரேடியோ இப்போது யாரிடம் இருக்கிறது? மேடையில் வைத்தால் அப்பாவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

திருமங்கலம் அத்தை: என்னிடம்தான் இருக்கிறது. பாகம் பிரித்தபோது ஒருவரும் கேட்கவில்லை.

சின்னச் சித்தப்பா: கேட்டேன்.

திருமங்கலம் அத்தை: தம்பி, அதை இப்போது பேச வேண்டாம்.

சின்னச் சித்தப்பா: சரி, அதை விடுவோம். அண்ணன் இலங்கை வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்த கேசட்டின் மேல் உன் பேரன் காதுகுத்தைப் பதிவு செய்தது யார் என்றாவது பேசலாமா? மில்லில் இரவு ஷிப்டு முடித்து வந்த மனிதர் தூங்காமல், டேப் ரெக்கார்டரை ரேடியோவின் வாய்க்கு எதிரே வைத்து, வீட்டில் ஒருவரையும் இருமவிடாமல் பிடித்த கேசட் அது. இடையில் ‘உலை பொங்குது’ என்று நீ கத்தியதுகூட அதில் இருந்தது.

மேலூர் மச்சான்: காதுகுத்தைப் பதிவு செய்தவன் நானில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

செல்லூர் மாமா (இரவு 8:20): அன்பர்களே, நிகழ்ச்சிக்கு வருவோம். வாக்குச் சீட்டுகளை எண்ணிவிட்டேன். டி.எம். சௌந்தரராஜன் பாட்டுகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்திருக்கின்றன. நம்மூர்க்காரர் என்ற பாசத்தில் முனிச்சாலைப் பக்கத்து உறவினர்கள் கூடிப் பேசி வாக்களித்திருப்பதாகத் தோன்றுகிறது. கீத்மாலாக்காரர்கள் வாக்குகளோடு விற்பனைக் கணக்கையும் பார்த்தார்கள். நம்மிடம் விற்பனைக் கணக்கு இல்லாததால் பட்டியலை அப்படியே ஏற்கிறேன். அறிவிப்பாளராக மேலூர் மாப்பிள்ளையை நியமிக்கலாமா? ஆட்சேபம் உள்ளவர்கள் முழு வாக்கியத்தில் எழுதவும்.

உசிலம்பட்டிச் சித்தப்பா: ஆட்சேபம் இல்லை.

நியூஜெர்சி அக்கா: சித்தப்பா ஒப்புக்கொண்டால் எனக்கும் சம்மதம்.

சின்னச் சித்தப்பா: மாப்பிள்ளை பேசட்டும். ஆனால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் போலவோ, ராஜாவைப் போலவோ பேச வேண்டாம். நீங்கள் மேலூர்ப் பேச்சிலேயே பேசுங்கள், அதுதான் உங்களுக்கு வரும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படத்தின் கதையைச் சொல்லாதீர்கள். பாட்டு தொடங்கிய பிறகு ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. பல்லவி முடியும் வரை மைக்கை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்றாம் இடத்துக்கு வந்ததும், பத்திலிருந்து நான்கு வரை என்னென்ன வந்தன என்று ஒருமுறை வேகமாகச் சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். அந்த இடத்தில்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பந்திக்குப் போக எழுந்தவனும் திரும்பி வருவான். ஒன்றாம் இடத்தை மட்டும் நான் அறிவிக்கிறேன்.

திருமங்கலம் அத்தை: டாக்டர் பேசக் கூடாது என்றாரே!

சின்னச் சித்தப்பா: உரக்கப் பேசக் கூடாது என்றுதான் சொன்னார். மைக் எதற்கு இருக்கிறது?

செல்லூர் மாமா: இதை டாக்டரிடம் கேட்காமல் நான் ஒப்புக்கொள்ள முடியாது.

நியூஜெர்சி அக்கா: சித்தப்பா, தயவுசெய்து வேண்டாம். எழுதிக் கொடுங்கள்; மேலூர் அண்ணன் படிப்பார்.

மேலூர் மச்சான்: எனக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஒன்றாம் இடத்துப் பாட்டு எது என்பதை என்னிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். உறையில் போட்டு மேடையில் கொடுங்கள். தெரியாவிட்டால் முதலில் சொல்லிவிட முடியாதல்லவா?

உசிலம்பட்டிச் சித்தப்பா: நல்ல யோசனை, மாப்பிள்ளை.

ஹாஸ்டல் குட்டி: ஸ்பீக்கர் வேண்டுமா, வேண்டாமா?

சின்னச் சித்தப்பா: உறை என்னிடம் இருக்கட்டும்.

செல்லூர் மாமா: உறையைப் பற்றி நாளை பேசுவோம். மர்பி ரேடியோவை மண்டபத்துக்கு யார் எடுத்து வருவது என்பதும் முடிவாகவில்லை.

திருமங்கலம் அத்தை: இரவுச் சாப்பாட்டுக்கு இட்லியா, பரோட்டாவா என்று சமையல்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அதை இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.