மார்கழியில் 14 பேருக்கு ராத்திரிச் சாப்பாடு: கிழங்கும் மீனும் எடுபடுமா?

தக்கலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்காரரின் சென்னை நண்பர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். எங்களையும் சேர்த்து 14 பேர், இரண்டு ராத்திரி தங்கல். பகலில் திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை என்று சுற்றிவிட்டு மதியம் வெளியே சாப்பிட்டுக்கொள்வார்களாம். ராத்திரிதான் என் பாடு.

"குளிருக்கு ஏற்ற மாதிரி உங்க ஊர்ச் சாப்பாடு வேணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். நம்ம குமரி மாவட்டத்தில் என்ன பெரிய குளிர்? ஃபேனை இரண்டில் வைப்போம், அவ்வளவுதான். ஆனாலும் மழை விட்ட ஈரமும் வேளிமலைக் காற்றும் சேர்ந்தால் சூடாக ஏதாவது கேட்கத்தான் செய்கிறது.

24ஆம் தேதி ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் குழம்பும் (மத்தி மீன்) வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், மாமியார் மார்கழி முழுக்க மீன் தொட மாட்டார்கள். வருகிறவர்களிலும் இரண்டு பேர் சைவம். அவர்களுக்குத் தனியாக என்ன செய்வது? கிழங்கு எத்தனை கிலோ வாங்க வேண்டும்? போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்ட கிழங்கு வேகவே இல்லை, ரப்பர்தான். அது ஏன்? அப்புறம் இரண்டாம் நாளுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பேச்சிப்பாறை மாமி:

மக்களே, முதலில் கிழங்கு. மற்றதெல்லாம் பிறகு.

தோலோடு 5 கிலோ வாங்கு. தோலும் நாரும் போக நாலு கிலோ பக்கம் நிற்கும், 14 பேருக்குத் தாராளம். அன்று காலையில் பிடுங்கியதா என்று கேட்டு வாங்கு. ஒன்றை ஒடித்துப் பார். பட்டென்று ஒடிய வேண்டும், உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தால் பிடுங்கி நாளாகிவிட்டது, வேண்டாம். உன் சொந்தக்காரர் வாங்கியது தண்ணீர் தேங்கின விளையில் (தோட்டத்தில்) கிடந்த கிழங்காக இருக்கும். மழையில் ஊறினதை எத்தனை மணிநேரம் வைத்தாலும் மாவு பிடிக்காது, அதற்கு வைத்தியமே கிடையாது. மேட்டு விளைக் கிழங்கு கேட்டு வாங்கு.

குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு விசில் அடிக்கிற வேலை வேண்டாம். சின்னத் துண்டாக வெட்டி, நடுநாரை இழுத்துப் போட்டு, முங்க முங்கத் தண்ணீர் விட்டு மூடாமல் கொதிக்க விடு. பாதி வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு வெந்நீர் ஊற்று. பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்குகிற சங்கதி இருக்கிறது, அது போகத்தான் இவ்வளவும். கசக்கிற கிழங்கை யாருக்கும் போடாதே. வெந்த பிறகே உப்பு. அப்புறம் தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், பூண்டு, மஞ்சள் எல்லாம் கொரகொரப்பாக அரைத்துப் போட்டு மரத்துடுப்பால் மசித்து, தேங்காய் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளி.

சைவக்காரருக்குத் தனியாக ஒன்றும் செய்யாதே. தனியாகச் செய்தாலே அது ஓரத்துச் சாப்பாடாகிவிடும். கிழங்கும், சின்ன வெங்காயமும் வறுத்த தேங்காயும் சேர்ந்த உள்ளித் தீயல் குழம்பும் எல்லோருக்கும் பொது. மீன் வேண்டியவர் மீனும் போட்டுக்கொள்ளட்டும். மீன் சட்டியைப் பின்பக்கத்து விறகடுப்பில் ஏற்று. மாமியாருக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி.

தீயலின் உயிர் தேங்காய் வறுப்பதில் இருக்கிறது. தீயைக் கூட்டாதே. முதலில் ஈரம் போகிற வரைக்கும் சடசடவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கினதும் நிறம் மாறத் தொடங்கும், அதற்குப் பிறகு கையை எடுக்கக் கூடாது, ஃபோனையும் எடுக்கக் கூடாது. கொத்தமல்லி, வத்தல் மிளகாய், கொஞ்சம் நல்லமிளகு சேர்த்துக் காப்பிப்பொடி நிறம் வரும்போது உடனே தட்டில் கொட்டு. சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கரிந்துபோகும். எண்ணெய் பிரிகிற மாதிரி அரைத்து, வதக்கின உள்ளியில் புளித்தண்ணீரோடு விடு.

இன்னொன்று. வெளியூர்க்காரருக்குக் கிழங்கு போடக் கூச்சப்படுகிறவர்கள் நம்ம பக்கம் இன்னும் உண்டு. 1942இல் பர்மா அரிசி வரத்து நின்றுபோனபோது திருவிதாங்கூரில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்ததே இந்தக் கிழங்கால்தான். தாராளமாகப் போடு.

முட்டம் வள்ளக்காரன்:

அக்கா, 24ஆம் தேதி மீனை நம்ப வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் கரையில் வள்ளம் இறக்க மாட்டோம். கிடைத்தாலும் ஐஸில் கிடந்ததாக இருக்கும், விலையும் கூடுதல். 23க்கு மாற்றுங்கள்.

சாளை 3 கிலோ போதும். காலையிலேயே மண்சட்டியில் குழம்பு வைத்துவிடுங்கள், ராத்திரிக்குள் புளியும் உறைப்பும் மீனில் இறங்கியிருக்கும். மீன் போட்ட பிறகு கரண்டி விடக் கூடாது, துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். சின்னப் பிள்ளைகள் வருகிறார்களா? சாளை முள் அவர்களுக்குச் சரிப்படாது. நெய்மீனோ பாரையோ ஒரு கிலோ வாங்கிக் காரம் குறைத்துப் பொரித்துக் கொடுங்கள்.

வடசேரி மருமகள்:

இரண்டாம் நாள் ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும் வையுங்கள். சிவப்புச் சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, வத்தல் சுட்டு அரைத்த தேங்காய்த் துவையல், சுட்ட பப்படம். மாங்காய் ஊறுகாய் இருந்தால் வேறு எதையும் தேட மாட்டார்கள். நாள் முழுக்கக் காரில் சுற்றி, ஹோட்டலில் சாப்பிட்டு வருகிற வயிற்றுக்கு இதுதான் ஒத்துக்கொள்ளும். ஒரு கிலோ அரிசி போதும், தண்ணீரைக் கூட்டி வையுங்கள். படுக்கும் முன் கருப்பட்டி போட்டு ஆளுக்கொரு டம்ளர் சுக்குக் காப்பி.

கோட்டாறு ராஜா:

சென்னையிலிருந்து 700 கிலோமீட்டர் வருகிறவர்களுக்குக் கஞ்சியா? நல்லா இருக்கு! ஆர்டர் கொடுத்தால் பிரியாணி வீட்டு வாசலுக்கே வரும். ஏன் இந்தப் பாடு?

பேச்சிப்பாறை மாமி:

பிரியாணி தின்பதற்கு அவர்கள் சென்னையை விட்டு ஏன் தம்பி வர வேண்டும்?

மக்களே, கஞ்சி நல்ல யோசனை. முந்தின நாள் தீயல் மிச்சமிருந்தால் சூடாக்கிக் கஞ்சிக்குத் தொட வை. கிழங்கு மிஞ்சினால் கடுகு தாளித்துப் புரட்டிக் காலையில் கட்டன் சாயாவோடு கொடு.

தக்கலைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. கிழங்கு, தீயல், மீன் 23க்கு. கஞ்சி 24க்கு. மாமியாரிடம் சொன்னேன், தீயலுக்குத் தேங்காய் வறுப்பது தன் பொறுப்பு என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். வள்ளக்கார அண்ணா, மூன்று பிள்ளைகள் வருகிறார்கள், அதனால் பாரையும் வாங்கிவிடுகிறேன்.

மாமி, தீயலுக்கு உள்ளி ஒரு கிலோ போதுமா?

பேச்சிப்பாறை மாமி:

ஒன்றரை கிலோ வாங்கு, வதங்கினால் பாதியாகிவிடும். தனியாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருக்காதே, வருகிறவர்கள் கையிலும் ஆளுக்குக் கொஞ்சம் கொடு.