ஊசியும் லேசரும் பார்லர்ல எதுக்கு? வேலூர்க்காரங்க சொல்லுங்க

காட்பாடிக்காரன்:
கல்யாணத்துக்கு 3 வாரம் இருக்கும்போது என் தங்கச்சி நம்ம ஊர்ல ஒரு ஸ்கின் கிளினிக்ல முகத்து முடியை எடுக்க லேசர் பண்ணிக்கிட்டா. சித்திரை வெயில் நேரம். தாடை ஓரமா கொப்புளம், அப்புறம் கருப்புத் திட்டு. போர்டுல டாக்டர் பேர் இருந்துச்சு, ஆளை அவ பார்க்கவே இல்லை. டாக்டர் கூட இல்லாம ஊசி, லேசர், ஆசிட் போட்டு மேல்தோலை உரிக்கிற பீல் மூணையும் யாரும் தொடக் கூடாதுன்னு நம்ம மாவட்டத்துல கறாரா நிறுத்தணும்.

குடியாத்தம் பார்லர் அக்கா:
தங்கச்சிக்கு நடந்ததை நினைச்சா கஷ்டமா இருக்கு தம்பி. அதுக்காக எல்லா பார்லரையும் ஒரே கயித்துல கட்டாதீங்க. லோன் போட்டு மெஷின் வாங்கி, கம்பெனிக்காரங்ககிட்டயே ட்ரெயினிங் எடுத்திருக்கேன். ஸ்கின் டாக்டர் ஃபீஸ் எல்லாராலும் கட்ட முடியுமா?

பாகாயம் நர்ஸ்:
அக்கா, அந்த ட்ரெயினிங் எத்தனை நாள்? லேசர் முடியில இருக்கிற கருப்பு நிறமியைத்தான் சுடும். நம்ம தோல்லயும் அதே நிறமிதான், வெயில்ல கருத்திருந்தா இன்னும் கூடுதல். அதனாலதான் நம்ம மாதிரித் தோலுக்கு, மேல்தோல் நிறமியைக் கம்மியாச் சுடுற 1064 நானோமீட்டர் லேசர் மத்ததைவிடப் பாதுகாப்புன்னு சொல்றாங்க. உதடு, கன்னத்தை உப்ப வைக்கப் போடுற ஃபில்லர் ஊசியை நினைச்சாலே எனக்குப் பயம். ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா தோல் செத்துடும், பார்வை கூடப் போகலாம். அதைக் கரைக்கிற ஹையலுரோனிடேஸ் உடனே போடணும். எந்த பார்லர் ஃப்ரிட்ஜ்ல அது இருக்கு?

சத்துவாச்சாரி வக்கீல்:
புதுச் சட்டம் வேண்டாம், இருக்கிறதைப் பிடிச்சாலே போதும். மருத்துவ நிலையங்களைப் பதிவு பண்ணணும்னு தமிழ்நாட்டுச் சட்டம் 1997லயே வந்தாச்சு, விதிகள் 2018ல வந்துச்சு. வழுக்கைத் தலையில முடி நடுறதை யார் செய்யலாம்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022ல சொல்லிடுச்சு. 2016ல சென்னையில முடி நட்டுக்கிட்ட ஒரு மருத்துவ மாணவர் செத்தாரே, அந்த இடத்துக்கு இருந்தது சலூன் லைசென்ஸ். மருத்துவம் படிக்கிற பையனே ஏமாந்தா, நம்ம வீட்டுப் பொண்ணுங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

குடியாத்தம் பார்லர் அக்கா:
ஊசி நான் தொட்டதே இல்லை. கலர் ஏத்த குளுட்டதயோன் கேட்டு வர்ற பொண்ணுங்களைத் திருப்பித்தான் அனுப்புறேன். லேசருக்கு டாக்டர் வேணும்னா சரி, ஆனா குடியாத்தத்துக்கு வாரத்துல 2 நாள் யார் வந்து உட்காருவாங்க? மெஷின் கடன் மாசாமாசம் ஓடுதே.

காட்பாடிக்காரன்:
டாக்டர் வர்ற நாள்ல மட்டும் மெஷினைப் போடுங்க அக்கா. என் தங்கச்சி கல்யாண ஆல்பத்துல இடது பக்கம் தெரியுற மாதிரி ஒரு படம்கூட இல்லை.