புதுப்பிப்பு: குழித்துறை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவில்லை

குழித்துறைப் பக்கம் 6 சென்ட்டில் ஒரு ஓட்டு வீடு, விலை படிந்துவிட்டது, முன்பணம் கொடுக்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். மூலப்பத்திரத்தைப் படியுங்கள், மழை நாளில் போய்ப் பாருங்கள் என்றீர்கள். இரண்டையும் செய்தேன். ரொம்ப நன்றி.

பத்திரம் மலையாளத்தில் இருந்தது. குழித்துறை இருக்கும் விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது! களியக்காவிளையில் மலையாளம் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர் வரிவரியாக வாசித்துச் சொன்னார். அப்புறம் வாரிசுகளை விசாரித்தோம். விற்பவருக்கு ஒரு அக்கா, பாறசாலையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தரவே இல்லை. வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்ததே என்று கேட்காதீர்கள். பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும், எழுதாமல் கிடக்கும் வாரிசுப் பங்கு வராது.

மழைக்கு மறுநாள் போனபோது மதிலில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கோடு. “மழை பெலத்தா கெணறும் கலங்கிரும் மக்களே” என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

அக்காவும் வந்து கையெழுத்துப் போட்டால் பேசலாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன். அக்காவின் பங்கு அவருக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளத்துக்காக விலையும் குறைய வேண்டும்.